கலைநிகழ்ச்சி என்று எழுதச் சொன்னேன்

உங்கள் கல்லூரி மன்றம் நடத்தும் நிகழ்ச்சிக்கு அனுமதிப் படிவம் எழுதவேண்டும், எந்தத் தலைப்பில் போட்டால் சீக்கிரம் கையெழுத்தாகும் என்று போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்டீர்கள். அப்பா வேலை பார்ப்பது கல்லூரி அலுவலகத்தில்தானே, தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவதோடு நின்றவன்தான். ஆனாலும் எங்கள் கல்லூரியில் அந்தப் படிவம் எனக்கு மனப்பாடம். ஏழு வேலைநாள் முன்னால் கொடுக்க வேண்டும். பொறுப்பாசிரியர், துறைத்தலைவர், முதல்வர் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளியாள் வந்தால் பெயரும் ஊரும் எழுத வேண்டும். அனுமதித் தாள் இல்லாமல் அரங்கத்துச் சாவியை நான் யாருக்கும் தரக் கூடாது.

இரண்டு வருடம் முன்னால் ஒரு மாணவி காய்ச்சலில் இறந்துபோனாள். வன்னியம்பட்டிப் பெண். அப்பா கிடையாது. அம்மாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. தோழிகள் மன்றத்தின் பேரில் நினைவுக் கூட்டம் வைக்க நினைத்தார்கள். ஏழு பேர் அவளைப் பற்றிப் பேசுவது, அதை அவள் அம்மா வந்து கேட்பது. அம்புட்டுதான் கூட்டம்.

படிவத்தில் கருத்தரங்கு, கலைநிகழ்ச்சி, விளையாட்டு, இதர என்று நான்கு கட்டம் உண்டு. இந்தக் கூட்டம் 'இதர'வில்தான் வரும். நான்தான் யோசனை சொன்னேன்.

"இதரன்னு போட்டியன்னா கமிட்டிக்குப் போயி, நீங்க படிச்சு முடிச்ச பொறவுதான் வரும். கலைநிகழ்ச்சின்னு போடுங்க. ஒரு பாட்டாவது பாடுவியள்ல?"

"இவ பாடுனா ஹாலே காலியாயிரும் அண்ணாச்சி" என்று ஒருத்தி வகுப்புத் தலைவியைக் காட்டினாள். தோழி செத்த பிறகு அந்தப் பிள்ளைகள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இரண்டே நாளில் கையெழுத்தும் ஆகிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் வேறொரு நடன நிகழ்ச்சியில் பையன்கள் அடித்துக்கொண்டார்கள். மறுநாள் காலை சுற்றறிக்கை வந்தது. மாதிரித் தேர்வு முடியும்வரை கலைநிகழ்ச்சிகள் எல்லாம் ரத்து. அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் காட்டியதும் நான்தான். கடைசி வகுப்பில் அந்தத் தலைவி எழுந்து வந்து, "அண்ணாச்சி, நம்ம கூட்டமும் இதுலதான வருது?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

முதல்வர் மதுரைக்குப் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஓடினேன். இது இரங்கல் கூட்டம் சார் என்றேன்.

"தாள்ல உள்ளதத்தான் நான் பாக்க முடியும். எந்தக் கூறுகெட்டவன் இப்படி எழுதச் சொன்னான்?"

நான் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். திட்டிவிட்டு அனுமதித்திருக்கலாம், அனுமதிக்காமலும் போயிருக்கலாம். வேலைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்து, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த அம்மா இரண்டு மணிக்கெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார். நல்ல சேலை கட்டியிருந்தார். "எம்புட்டு நேரம் ஆகும்யா? ரெண்டாம் ஷிப்டுக்குப் போவணும்." கூட்டம் இல்லை, அனுமதி ரத்தாகிவிட்டது என்றேன். என்னால்தான் என்று அவரிடமும் சொல்லவில்லை. வகுப்பு நேரத்தில் பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள். தாங்கள் பேச எழுதி வைத்திருந்த தாள்களை என்னிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுய்யா. நீங்களே வாசிங்க."

பஸ் நிறுத்தத்தில் நின்று வாசித்தேன். முதல் தாளை எழுதியவள், தினமும் காலையில் எங்கள் தோழி பஸ்ஸில் முந்தி ஏறி இடம் போட்டு வைப்பாள், நாங்கள் ஏறியதும் எங்களை உட்கார வைத்துவிட்டுத் தான் கல்லூரி வரை நின்றுகொண்டே வருவாள் என்று எழுதியிருந்தாள்.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். "எம் மவளா? வீட்டுல அவ அப்படி இல்லையே. சன்னலோரம் கெடைக்கலன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவாளே." என் கையிலிருந்த தாள்களைப் பார்த்து, "இன்னும் இருக்கா?" என்றார். இன்னும் ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

அதற்குள் ராஜபாளையம் பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியாது. தாள்களை வாங்கி மடியில் செருகிக்கொண்டு ஏறினார். அந்த ஆறையும் அவருக்கு யார் வாசித்துக் காட்டினார்களோ, வாசித்தார்களோ இல்லையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.