பெயர் தேடிய வாசகர்கள்

சென்ற வாரம் மகளின் பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுக்கக் கடையில் நின்றபோது, சிற்றிதழ் நடத்தும் தோழி கைபேசியில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "வாசகர்கள் எந்த வகைக் கவிதையை அதிகம் விரும்புகிறார்கள்? பத்து வரியில் எழுதி அனுப்படி." காதல் கவிதை என்று தட்டினேன். அழித்தேன். அப்போது கடைக்காரத் தம்பி பிரதியை என் கையில் தந்தான். சூடாக வந்த கடதாசியின் அந்த மணம் என்னைக் கிளிநொச்சி அச்சகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. தோழிக்கு இன்னும் பதில் போகவில்லை.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் அங்கே தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். வேலைப் படிவத்தில் தகப்பன் கையெழுத்துக்கான இடத்தில் ஐயா பெருவிரல் ரேகைதான் வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்தக் கர்வம் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பத்திரிகையின் வார மலரில் என் புதுக்கவிதைகள் மூன்று வந்திருந்தன. வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பையில் கொண்டு திரிந்தேன். மூன்றிலும் 'சிறகு' என்ற சொல் இருந்ததை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அச்சகத்துக்கு வந்த வேலையில் பாதி கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருபவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள்; அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். முதற்பக்கத்தில் படம், பிறகு அவரின் வாழ்க்கை வரலாறு, தேவாரம், கடைசியில் புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயிலாகவும் பாட்டு. முதலாளி அண்ணையிடம் ஒரு தடித்த கோப்பு இருந்தது. அதில் எல்லா உறவுக்கும் ஆயத்தப் பாட்டுகள். பெயரை மட்டும் மாற்றவேண்டும்.

"இதெல்லாம் ஒரு கவிதையோ அண்ணை?"

"உன்ர கவிதையை ஆர் பிள்ளை வாசிக்கினம்? நீயும் உன்ர கைப்பையும். இதிலை ஐந்நூறு அடிச்சால் ஒண்டு மிஞ்சாது."

எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது உண்மை. சரிபார்க்க வரும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கதிரையில் இருக்கும் முன்னரே தங்கள் பெயரைத் தேடுவார்கள். கண்டதும் முகம் மாறும். ஒருமுறை ஒரு பெறாமகன், இறந்தவரின் தம்பி பிள்ளை, மேசையில் தட்டினார். "மருமோனுக்கு எட்டு வரி, எனக்கு நாலு வரியோ? பாடை தூக்கினது நானெல்லோ!" அண்ணை சிரிக்காமல் கோப்பைத் திறந்து அவருக்கு இன்னும் நான்கு வரி சேர்த்துக் கொடுத்தார். மனுசன் அங்கேயே வாசித்து அழுதுவிட்டுப் போனார்.

போர் திரும்பத் தொடங்கி ஏ9 பாதை பூட்டிய அடுத்த வருடம் பாக்கியம் அம்மா வந்தா. கண்டாவளைப் பக்கத்தில் வயல் செய்த குடும்பம். புருசன் காய்ச்சலில் போய்விட்டார். மூத்த மகன் ரஞ்சன் உழவு இயந்திரத்துக்குச் சாமான் வாங்க, பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த வவுனியாவுக்குப் போனவன், பாதை பூட்டுவதற்குக் கொஞ்சம் முன்னர். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அவன் பெயரிலும் ஒரு புலம்பல் வேண்டும் என்று அம்மா கேட்டா.

"அவன் தகப்பனை அப்பு எண்டுதான் கூப்பிடுறவன். மிசினுக்குச் சாமான் எடுத்துக்கொண்டு வாறதுக்கிடையிலை போயிட்டியளே அப்பு எண்டு கேக்கிற மாதிரி எழுது பிள்ளை."

அண்ணை அன்று முல்லைத்தீவுக்குப் போயிருந்தார். மிசினையும் சாமானையும் வைத்துக் கவிதை எழுதுவதா என்று எனக்கு இளக்காரம். கோப்பைத் தொடவில்லை. சொந்தமாக எழுதினேன்.

அப்பு,
நீங்கள் நடக்கும் பாதையில்
எனக்கொரு வீடு உண்டு.
உங்களுக்காக
கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. சரிபார்க்க வந்த மகள் வசந்தி, எல்லோரையும் போலப் பெயர்களை மட்டும் பார்த்தாள். "சரி அக்கா, அடியுங்கோ" என்றாள். இருநூறு அடித்தோம்.

முப்பத்தொன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். என் கவிதையை ஆட்கள் வாசிப்பதைப் பார்க்கத்தான் போனேன். படையல் முடிந்து சாப்பாடும் ஆனபின் பெரியவர் ஒருவர் கல்வெட்டை எடுத்து ராகத்தோடு படித்தார். பாக்கியம் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தா. மகன் பகுதிக்கு வந்ததும் பெரியவருக்கு ராகம் பிடிபடவில்லை. சும்மா வாசித்தார்.

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றா அம்மா.

வாசித்தார். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா.

"அவன் அங்கை வீடு கட்டியிருக்கிறான் எண்டு ஆர் பிள்ளை உனக்குச் சொன்னது?"

பெரியவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"புலம்பிறதெண்டால் உயிரோடை இருக்கவேணும். அதுக்குத்தானே அவன்ரை பெயரிலை கேட்டனான். நீ என்ரை பிள்ளையையும் தகப்பனோடை சேர்த்து எரிச்சுப்போட்டாய்."

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினேன். அம்மா முதலில் சொன்னதையே, சொன்ன சொல்லிலேயே தட்டினேன். மிசினும் சாமானும் அப்புவும் அப்படியே வந்தன. துண்டுகளாக அடித்து, திரும்பி வந்து, வசந்தியும் நானும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து சோற்றால் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டினோம். அம்மா ஒன்றை வாங்கி ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தா. "மற்றது? சனம் கொண்டுபோனது?"

முப்பத்தேழு புத்தகம் போய்விட்டது. வசந்தி ஆட்களை நினைவுபடுத்திச் சொல்ல, ஒரு கிழமை வீடு வீடாகப் போனேன். என் கவிதையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டுத் திரிந்த கவிஞர் உலகத்தில் வேறு யாரும் இருப்பாரோ தெரியாது. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்கவில்லை.

கடைசி வீடு விசுவமடுவில். ஒரு டீச்சர், தனியாக இருந்தவ. புத்தகம் சாமிப் படத்துக்குக் கீழே இருந்தது.

"தரமாட்டன் பிள்ளை."

"அது பிழையாப் போச்சுது டீச்சர். அவன் உயிரோடை இருக்கிறான் எண்டுதான் அம்மா..."

"அவவுக்குப் பிழை. எனக்குச் சரி. சண்டையிலை செத்த என்ரை மகன்ரை பெட்டியைத் திறக்க விடேல்லை. எங்கை போனான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இதிலைதான் ஒரு வீடு எண்டு கிடக்குது." பிறகு கேட்டா: "ஆர் எழுதினது?"

"தெரியாது டீச்சர்" என்றேன். தேத்தண்ணி தந்தா. குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

"எல்லாம் வந்திட்டுதோ?" என்று பாக்கியம் அம்மா கேட்டா.

"ஓம் அம்மா."

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சண்டை கிட்ட வர, அச்சகத்தின் கூரையையும் கணினியையும் கழற்றி அண்ணை உழவு இயந்திரத்தில் ஏற்றினார். கோப்பு எந்த இடத்தில் விழுந்ததோ. ஐயா முள்ளிவாய்க்காலில் போனார். முப்பத்தொன்று எண்ண எங்களிடம் நாள்காட்டி இருக்கவில்லை, கணக்கு வைக்கத் தெம்பும் இருக்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத அந்த மனிதருக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. புலம்பலுக்குப் பெயர் கொடுக்க ஆளில்லாமல் போன வீடுகள் எங்கள் சின்னத் தெரு ஒழுங்கையிலேயே நான்கு.

சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த வவுனியா முகாமில் தண்ணீர் வரிசையில் பாக்கியம் அம்மாவைக் கண்டேன். பக்கத்தில் நின்றவர்களிடம், "மூத்தவன் வவுனியாவிலை. இஞ்சை கிட்டத்தான் எங்கையோ நிப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் கையைப் பிடித்தா. "அந்தப் புத்தகம் ஒண்டும் வெளியிலை இல்லைத்தானே பிள்ளை?" இல்லை என்றேன். அம்மாவின் கை தளர்ந்தது.

ஊருக்குத் திரும்ப விட்டபின் ஒருநாள் விசுவமடுவுக்குப் போனேன். டீச்சரின் வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் கிணறும் மட்டும். சாமிப் படம் மாட்டியிருந்த சுவரே இல்லை. பக்கத்துக் காணியில் தகரம் அடித்துக்கொண்டிருந்தவர், "அவ வரேல்லை தங்கச்சி. கண்டதெண்டு சொல்லவும் ஒருத்தரும் இல்லை" என்றார்.

கொஞ்ச நேரம் அந்த வெயிலில் நின்றேன். டீச்சர் எங்காவது உயிரோடு இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்தப் புத்தகம் எங்கேயும் இருக்கக்கூடாது என்றும் நினைத்தேன்.