சாமந்திக்கு வாங்கிய ஊதா விளக்கு

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மின்சாமான் கடையில், கடைக்கார பாய் மூன்று விளக்குகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று நம் வீடுகளில் எரிகிற அதே வெள்ளை டியூப். இன்னொன்று சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், வெள்ளையாகவே எரியும் ஒரு பலகை. வெயிலில் இருக்கும் எல்லா நிறமும் இதில் இருக்கிறது என்றார். மூன்றாவதை அவர் கடைசியாகத்தான், கொஞ்சம் தயங்கித்தான் சொருகினார். சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் எரிந்தன. கடை முழுக்க ஊதா. பாயின் வெள்ளைத் தாடி ஊதா. என் கை, என் கைப்பை, வெளியே நின்ற வெயில்கூட ஒரு கணம் ஊதா மாதிரித்தான் இருந்தது.

"இதைக் கேட்டு வர்றவங்க ரெண்டு ரகம்மா" என்றார். "ஒண்ணு வூட்டுக்குள்ள கீரை வளக்கறவங்க. இன்னொண்ணு கஞ்சா வளக்கறவங்க. ரெண்டாவது ரகம் பில்லு கேக்கமாட்டாங்க."

"எனக்குப் பில்லு வேணும் பாய்."

"அப்ப சரி. என்னா செடி?"

"சாமந்தி."

அவர் சிரிக்கவில்லை. இந்த மாவட்டத்தில் சாமந்திக்கும் விளக்குக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரியும். ராத்திரியில் வயலுக்குமேல் பல்பு எரிந்தால் செடி மொட்டு வைக்காது, உயரும். விளக்கை நிறுத்தினால் மொட்டு வைக்கும். எந்தப் பண்டிகைக்குப் பூ வேண்டுமோ அதற்குத் தோதாக நிறுத்துவார்கள். என் வீட்டுக்காரர் அப்படித்தான் இருபது வருஷம் ராத்திரியைத் தள்ளி வைத்துப் பூ எடுத்தார். அந்தப் பல்பு ஒயரை இழுத்துக் கட்ட ஏறிய கம்பம் முறிந்து, வரப்புக் கல்லில் முதுகு பட விழுந்தார். இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியாது. கிள்ளினாலும், சுட்டாலும்.

விழுந்து எட்டு மாதம் கழித்து அவர் சாப்பாட்டை நிறுத்தினார். சண்டை போட்டு நிறுத்தவில்லை. இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, போதும் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். அந்த வாரத்தில்தான் எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் தக்காளி போட ஓட்டப்போகிறார் என்று சேதி வந்தது. மூலையில் அவருடைய பழைய மஞ்சள் சாமந்தித் தாய்ச்செடிகள் நின்றன. வேறு எங்கும் கிடைக்காத ரகம் என்று அவர் சொல்வார். உண்மையா, பெருமையா, எனக்குத் தெரியாது. நான் போய்க் கிள்ளி வந்ததில் பதினோரு கொழுந்து வேர் பிடித்தது. அதைக் கட்டில் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டிய அன்று அவர் அரை உருண்டை களி சாப்பிட்டார்.

"ஆடி மழை வரைக்கும் காப்பாத்திட்டா போதும்" என்றார். "அப்புறம் எங்கியாச்சும் ஒரு பாத்தி கெடைக்கும்."

அப்போது மாசி. ஆடிவரைக்கும் அவர் சாப்பிடுவார் என்றுதான் என் காதில் விழுந்தது.

மண் கூடாது என்று வீட்டுக்கு வரும் நர்ஸம்மா சொல்லிவிட்டார். மண் இருந்தால் எறும்பு வரும். எறும்பு காலைக் கடித்துத் தின்றாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே தண்ணீர். நான்கு பெயிண்ட் வாளி, மூடியில் துளை, துளையில் செடி, வேர் கீழே தண்ணீரில், மீன் தொட்டிக்குப் போடுகிற காற்று மோட்டார் ஒன்று, சத்துக் கரைசல் இரண்டு பாட்டில். எங்கள் வீட்டில் இரண்டே அறை. அவர் கிடக்கும் அறையின் ஒரே ஜன்னல் மேற்கே பார்த்தது. வெயில் தாங்காமல் அதற்குக் கறுப்புத் துணி அடித்திருந்தோம். செடி வாழ விளக்கு வேண்டும். அதனால்தான் நான் பாயின் கடையில் நின்றேன்.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா" என்றார் பாய். "செடிக்கு எது போட்டாலும் ஓடிரும். ஆனா அந்த ரூம்ல மனுசங்களும் இருக்காங்கன்னா வெள்ளையே போடுங்க. இந்த ஊதால ஒண்ணும் பாக்க முடியாது. ஒயருல செவப்பு எது கறுப்பு எதுன்னு எனக்கே தெரியாது."

கேட்டேன். காதில் விழுந்தது. ஆனாலும் ஊதாவை எடுத்தேன்.

செடிக்குச் சிவப்பும் நீலமும்தான் வேண்டும், மற்ற நிறமெல்லாம் வீண் என்று போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவல்ல. எட்டு மாதமாக ஒரு வெள்ளை டியூப்பின் கீழே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவருடைய கன்னத்துப் பள்ளத்தை, கைவிரல் நடுவே போன சதையை, விரிப்பின் கறையை, கண்ணாடியில் என் முகத்தை, ஒன்றுவிடாமல் எண்ணிக் காட்டும் வெளிச்சம். மல்லாந்து கிடப்பவர் கண்ணுக்குள் அது நேராகக் குத்தும். "அந்த டூப்பை ஆப் பண்ணு, பொணத்துக்கு எதுக்கு லைட்டு" என்பார். ஊதா வந்த நாளில் அந்த டியூப்பை அணைத்தோம். பிறகு போடவே இல்லை.

தொங்கவிடுவதிலும் அவர்தான் அதிகாரி. "இன்னும் ஒரு சாண் எறக்கு. இலைமேல உன் பொறங்கைய வையி. சுடுதா?"

"இல்லைங்க."

"அப்ப இன்னும் எறக்கு. சுடாத லைட்டுக்குத்தான் இவ்ளோ பவுசா?"

சிரித்தார். அந்த வெளிச்சத்தில் அவர் கன்னம் நிறைந்திருந்தது. "ஏம்மே, நீ கூட இதுல சின்னப்பொண்ணாட்டம்தான் கீற" என்றார். ஐம்பது வயதுக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? பக்கத்து வீட்டு அக்கா வந்து வாசலில் நின்று, "என்னா இது, சினிமா கொட்டாயாட்டம்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மொரப்பூரில் ரயிலேறிப் பொம்மிடிக்குப் போய், அங்கே ஒரு நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு மாலை வருவேன். பகலில் இந்த அக்காதான் அவரைப் புரட்டிப் படுக்க வைப்பாள், கஞ்சி கொடுப்பாள். ரயில் ஜன்னலில் ஓடும் மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் ஒரு ஊதாப் பகல் எரிகிறது என்று நினைத்துக்கொள்வேன். அதை நான் சந்தோஷம் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது அந்தச் சொல்லை அடித்துவிடலாமா என்று தோன்றுகிறது. இருக்கட்டும். நினைத்தேன்தான்.

அவர் சாப்பிட்டார். அது பொய்யில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் பிடிவாதம். வாளிக்குக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர் ஊற்றலாம் என்றேன். "அது குடிக்கறதுக்கு. என் செடி என் போர்த் தண்ணியில பொறந்தது" என்றார். எங்கள் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாக ஏடு படியும். அதையேதான் ஊற்றினேன்.

பங்குனியில் நுனி இலைகள் ரோஸ் நிறமாக வந்தன. மற்ற இலையெல்லாம் அந்த வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும். நடுவில் இந்தக் கொழுந்து மட்டும் இளம் ரோஸ். மாமரம் துளிர்க்கிற மாதிரி. "தளிர் ரோஸா வருதுங்க" என்றேன்.

"சாமந்தி எப்படிமே ரோஸா துளுக்கும்? அது லைட்டோட கோளாறு" என்றார். இருவரும் அத்தோடு விட்டோம். நான் அதைப் பற்றி நோட்டில் நான்கு வரி எழுதிக்கூட வைத்தேன். அழகான வரிகள். இப்போது அந்தத் தாள் இல்லை.

நர்ஸம்மா மாதம் ஒருமுறை வருவார். முதலிலேயே சொல்லியிருந்தார்: "காலையிலயும் சாயங்காலமும் இடுப்பு, முதுகு, குதிகாலு மூணையும் நல்ல வெளிச்சத்துல பாக்கணும். எங்கியாவது செவந்திருந்தா வெரலால அழுத்தி எடுங்க. வெளுத்துட்டுத் திரும்பச் செவந்தா பயமில்ல. வெளுக்கவே இல்லன்னா அன்னைக்கே எனக்குப் போன் பண்ணுங்க. இவருக்கு வேற எதுவும் ஆபத்தில்ல. இந்தப் புண்ணு ஒண்ணுதான்."

ஒருநாளும் நான் தவறவிடவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. இரண்டு வேளையும் புரட்டினேன், பார்த்தேன். ஊதாவுக்குக் கீழே பார்த்தேன். அங்கே தோல் முழுக்க ஒரே நிறம். சிவக்க வேண்டியது எதுவும் சிவக்கவில்லை, அதனால் அழுத்திப் பார்க்கவும் தோன்றவில்லை. சித்திரையில் நர்ஸம்மா விடுப்பில் போய்விட்டார், வரவில்லை. அறையில் லேசாக ஒரு வாடை வந்தது. வேர் அழுகுகிறது என்று நான்கு வாளியையும் கழுவிக் கவிழ்த்து, புதுத் தண்ணீர் மாற்றினேன். இரண்டு நாள் அவருக்கு உடம்பு சுட்டது. வெயில் என்றோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போலீஸ் வந்தது. இரண்டு பேர். பெரியவர் செருப்பை வாசலிலேயே விட்டார். "ஒண்ணுமில்லம்மா, ஒரு தகவல். உங்க வூட்ல ஒரு மாதிரி லைட்டு எரியுதாம். ஏதோ செடியாம்."

கட்டிலிலிருந்து இவர்தான் பதில் சொன்னார். "வாங்க சார், வாங்க. கஞ்சாதான். நல்லா வெளைஞ்சிருக்குது. நான் ஓடிப்போறதுக்கு முன்ன புடிச்சிக்குங்க."

பெரியவர் அவருடைய கால்களைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்தவர் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"மாலை வாசம் வருதுங்க."

"அப்ப மாலையாக் கட்டி எஸ்பி ஆபீசுக்கு எடுத்துட்டுப் போ" என்றார் இவர். நான்கு பேரும் சிரித்தோம். அந்த அறையில் கடைசியாக எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான்.

பெரியவர், தன் கடமைக்குத்தான், போனில் டார்ச்சைப் போட்டு வாளிகளுக்குமேல் ஒரு சுற்றுக் காட்டினார். வெள்ளை வெளிச்சம். "சாமந்திதான்" என்றார். பிறகு, தன் வீட்டிலும் வயல் உள்ளவர் போல, "ஆனா என்னாம்மா, கொழுந்தெல்லாம் இப்படி மஞ்சக் காமாலையா கெடக்குது? நரம்பு மட்டும்தான் பச்சையா இருக்குது. பாக்கறதில்லையா நீங்க?"

பார்த்தேன். ரோஸ் என்று நான் எழுதிய கொழுந்துகள் எலுமிச்சைத் தோல் மாதிரி மஞ்சளாக இருந்தன. ஒன்றல்ல, பதினோரு செடியும். இரண்டு மாதமாக மஞ்சளாகிக்கொண்டிருந்திருக்கிறது, என் கண் முன்னால்.

அவர்கள் போனதும் நான் அங்கேயே நின்றேன். அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்: உப்புத் தண்ணிதான் காரணம், மாத்தலாம், ஆடிக்கு இன்னும் நாள் இருக்குது என்று. செடி என் மண்டையில் ஏறவில்லை. இந்த விளக்கு மஞ்சளை மறைத்தது. வேறு எதை மறைத்தது? என் போனை எடுத்து டார்ச்சைப் போட்டேன்.

"கொஞ்சம் திரும்புங்க."

"காலையிலதானே பாத்த?"

புரட்டினேன். இடுப்புக்குக் கீழே, முதுகு முடியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பு. நடுவில் தோல் கறுத்துச் செத்திருந்தது. ஓரத்தை விரலால் அழுத்தினேன். வெளுக்கவில்லை. நடுவே விரல் உள்ளே போனது. வாடை வாளியிலிருந்து வரவில்லை.

"என்னா, பேச மாட்டேங்கற?" என்றார். அவருக்கு வலிக்கவில்லை. சிரித்த முகம் இன்னும் மாறாமல் இருந்தது.

தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். வெட்டியபின் அது ஒரு புண் இல்லை, ஒரு குழி. எலும்பு தெரிகிறது என்று டாக்டர் சொன்னார். இனி மூடுமா என்று கேட்டேன், கட்டுங்கள், பார்ப்போம் என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. "தினமும் பாக்கச் சொல்லலையா உங்களை?" என்று மட்டும் கேட்டார். தினமும் பார்த்தேன், என் கண் நல்ல கண்தான், விளக்கைத்தான் அழகு பார்த்து வாங்கினேன் என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

திரும்பி வந்தபோது ஏழு செடி காய்ந்திருந்தது. மீதி நாலு. நான் முதல் வேலையாகப் பாயின் கடைக்குப் போய் அந்த வெள்ளைப் பலகை விளக்கை வாங்கி வந்தேன். பாய் ஏன் என்று கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் அந்த மேசைமேலேயே அழுதிருப்பேன்.

வெள்ளையைப் போட்டேன். அறை வந்தது. சுவரின் ஈரக்கறை, மருந்துப் பெட்டி, மஞ்சளாகிப்போன நாலு குச்சி, கட்டில்மேல் அவர். தன் கையைத் தூக்கி அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்தார். பிறகு செடிகளை. களி கொண்டுபோனேன், இரண்டு வாய். போதும் என்று சுவர்ப்பக்கம் திரும்பினார்.

மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "பழைய லைட்டையே போடுமே."

"அதுல ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியாட்டிப் போவுது. இதுல எல்லாமே தெரியுது."

வெள்ளையைப் பிடுங்கிவிட்டு ஊதாவைச் சொருகினேன். அன்று அரை உருண்டை சாப்பிட்டார். நாலு செடியின் கொழுந்தும் ரோஸாக நின்றது. இருவரும் அதைப் பார்த்தோம். அது என்ன நிறம் என்று இருவருக்கும் தெரியும்.

கட்டு மாற்றுவது காலையும் மாலையும். போன் டார்ச்சைப் போட்டு வாயில் கவ்விக்கொள்கிறேன். இரண்டு கையும் வேண்டியிருக்கிறது, ஒரு கை அவரைப் பிடிக்க, ஒரு கை துடைக்க. வெள்ளை வட்டம் அந்தக் குழிக்குள் மட்டும் விழுகிறது. அது சின்னதாகவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு கேட்கிறார்:

"எப்பிடி இருக்குது புண்ணு?"

வாயில் போன் இருக்கிறது. என்னால் பேச முடியாது. கட்டி முடிக்கும்வரை அவரும் மறுபடி கேட்பதில்லை.