டன் அண்ணனின் தெற்குச் சரிவு

ஆள் ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். ஆனாலும் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அவர் டன் அண்ணன்தான். எடைமேடையில் வேலை. சாலையோரம் கண்ணாடி போட்ட ஒரு கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, எடை காட்டும் எந்திரம், அவர். வண்டியை மேடையில் ஏற்றினால் உள்ளேயிருந்து கையைக் காட்டுவார். கையை விரித்தால் நில். விரலை ஆட்டினால் போ. இருபத்திரண்டு வருஷம் அந்த மேடையில் ஏறி இறங்கியிருக்கிறேன். எங்களுக்குள் நடந்த பேச்சை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு எடைச் சீட்டின் பின்பக்கம் போதும்.

ஒரு விஷயம் மட்டும் அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். எடையை மாற்றிப் போட மாட்டார். கொஞ்சம் குறைத்துப் போடுங்கள் என்று கெஞ்சியவனும் உண்டு, மிரட்டியவனும் உண்டு. "மேடை என்ன சொல்லுதோ அதான்" என்று சீட்டை ஜன்னல் வழியாகத் தள்ளிவிடுவார். ஒருத்தன் கையால் டீ கூட வாங்கிக் குடித்ததில்லை.

பிறகு அங்கே கேமரா மாட்டினார்கள். சீட்டு தானாக வந்து விழுந்தது. அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? பிள்ளை இல்லை. அவர் வீட்டம்மா அதற்கு முந்தைய வருஷம்தான் போய்ச் சேர்ந்திருந்தாள். மேடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பார்க்கச் சகிக்காமல் வண்டியை ஓரம் கட்டினேன்.

"என்னண்ணே, பெஞ்சு தேஞ்சிடப் போவுது."

"வேற எங்க போறது?"

"ஞாயித்துக்கிழமை என்கூட வாங்க. முள்ளு புடுங்கலாம்."

"யாரு முள்ளு?"

"யாரோடதும் இல்ல. அதான் விஷயம்."

மூடிக் கிடந்த கல்குவாரிக்குப் பக்கத்தில் ஆறு ஏக்கர் நிலம். எங்கள் பக்கம் வேலிமுள் என்கிற சீமைக்கருவேலம் அடைத்துப்போய் ஆடு கூட நுழையாது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தர் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு, ஞாயிறுதோறும் காலையில் அந்த முள்ளைப் பிடுங்கி, அந்த மண்ணில் முன்பு நின்ற மரங்களை நட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ், தையல்காரர், பஸ் கண்டக்டர் என்று கலவையான கூட்டம். பிடுங்கிய முள்ளை ஏற்றிக்கொண்டு போய்ச் செங்கல் சூளையில் இறக்குவது என் வேலை.

வேலை தொடங்கும் முன் ஒரு கூத்து நடக்கும். வட்டமாகப் போட்ட கற்களில் ஆளுக்கொரு கல்லில் உட்கார வேண்டும். பத்து நிமிஷம் பேசக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. பிறகு காதில் விழுந்ததை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நான் பாதி நாள் தூங்கிவிடுவேன். எழுந்து "காத்து" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

டன் அண்ணன் வந்த முதல் நாள் நர்ஸ் அக்கா குயில் என்றாள். தையல்காரர் காய்ந்த நெற்று வெடித்த சத்தம் என்றார். அடுத்தது அண்ணன் முறை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரோட்டுல ஒரு லாரி போச்சு. ஜல்லி லோடு. பதினாலு டன் இருக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். நர்ஸ் அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அவருக்கு இவ்வளவு வரிசையான பல் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறவில்லை. வேலிமுள்ளுக்கு மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கழுத்து இருக்கும். அதற்குக் கீழே கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். கழுத்துக்கு மேலே வெட்டினால் போச்சு, ஒன்று நின்ற இடத்தில் ஒன்பது துளிர்க்கும். எங்கே குத்தினால் கட்டை அசையும் என்று அவருக்குக் கை சொல்லிவிடும். தெற்குச் சரிவு முழுவதையும் டீச்சர் அவரிடமே விட்டுவிட்டார்.

ஒரு தடவை அவரை ஏற்றிக்கொள்ள அறைக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர். இரண்டாவது டம்ளரில் பேனாவும் மூக்குக்கண்ணாடியும் கிடந்தன. சுவரில் தினம் கிழிக்கிற காலண்டர். அது போன ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றது. என் கண் முன்னாலேயே ஏழு தாளையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தார்.

"தினம் கிழிக்கிறதில்லையாண்ணே?"

"கிழிச்சு?" என்றார்.

மூன்றாவது வருஷம் கோடையில் டீச்சர் வட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார். "வர்ற மழைக்கு முள்ளு துளிர்க்கலைன்னா இங்க நம்ம வேலை முடிஞ்சுது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நிலம் காத்துட்டிருக்கு. அங்க போயிடலாம்." எல்லோரும் கை தட்டினார்கள். டன் அண்ணன் கடைசியாகத் தட்ட ஆரம்பித்தார். கடைசியாக நிறுத்தினார்.

அந்தக் கோடையில் சூளைக்காரன் என்னிடம் சத்தம் போட்டான். "என்னய்யா, வெறும் சுள்ளியா கொண்டாந்து கொட்டற? வேர்க்கட்டை எங்க? கட்டைதான் நின்னு எரியும்." முடிகிற நேரத்தில் சின்ன முள்தான் மிச்சமிருக்கும் என்று நினைத்து அவனிடம் நானும் திருப்பிக் கத்திவிட்டு வந்தேன்.

மழை வந்தது. மற்ற இடமெல்லாம் புல் முளைத்தது. தெற்குச் சரிவில் மட்டும் கொத்துக் கொத்தாக முள் துளிர்த்து நின்றது. டீச்சர் கல்லில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வாரம் திங்கக்கிழமை பொக்லைன் வரச் சொல்றேன். மேல் மண்ணோட வழிச்சு எடுத்துடலாம். வேற வழி தெரியல."

"சரிவுல நட்ட கன்னு எல்லாம் போயிடுமே டீச்சர்," என்றாள் நர்ஸ் அக்கா. "ஆள்காட்டிக் குருவி வேற தரையில முட்டை வச்சிருக்கு."

டன் அண்ணன் கடப்பாரையை என் வண்டியில் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு துளிரின் அடி மண்ணைக் கையால் கிளறினேன். கழுத்துக்கு மேலே சாய்வாக, சுத்தமாக ஒரு வெட்டு. அடுத்ததிலும் அதே வெட்டு. சூளைக்காரன் கத்தியது அப்போதுதான் காதில் ஏறியது.

நேராக அவர் அறைக்குப் போனேன். கதவு திறந்தே இருந்தது. சட்டையைக் கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனைண்ணே?"

மழுப்பவில்லை. "நூத்தி நாப்பத்தாறு."

"அதையும் எண்ணி வச்சிருக்கீங்க."

"பழக்கம்."

"ஏண்ணே இப்படி?"

"இங்க வேலை முடிஞ்சிட்டா?" என்றார்.

"மலைக்கு அந்தப் பக்கம் வர வேண்டியதுதானே. நான் ஏத்திட்டுப் போறேன்."

"அதுவும் ஒரு நாள் முடியும்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அதுக்காக? இப்ப கன்னும் போவுது, குருவி முட்டையும் போவுது. உங்க ஒருத்தர் ஞாயித்துக்கிழமைக்கு இவ்வளவு பெரிய வெலையா?"

அவர் தலையைத் தூக்கவில்லை. உள்ளங்கையில் காய்த்த இடத்தைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "கடப்பாரை உன் வண்டிலதான இருக்கு?" என்றார்.

திங்கள் முதல் சனி வரை முதல் பஸ்ஸில் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்பினார். எனக்கு லோடு இருந்தது. வியாழக்கிழமை மட்டும் வழியில் எட்டிப் பார்த்தேன். சரிவில் முழங்காலைப் போட்டுத் தனியாக நெம்பிக்கொண்டிருந்தார். நான் இறங்கப் போனேன். அங்கிருந்தே விரலை ஆட்டினார். போ.

ஞாயிறு காலை அவரைக் கூட்டிவரப் போனபோது பார்த்தேன். காலண்டரில் சனிக்கிழமை. அந்த ஒரு வாரம் தினம் கிழித்திருக்கிறார்.

அன்றைக்கு வட்டத்தில் அவர் முறை வந்தது. எழுந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. வேரை விட்டுட்டு வெட்டினது நான்தான். நூத்தி நாப்பத்தாறு. எல்லாத்தையும் எடுத்து அங்க அடுக்கியிருக்கேன், எண்ணிப் பார்த்துக்கலாம். பொக்லைன் வேணாம் டீச்சர்."

தையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மூணு வருஷமா முதுகு ஒடிஞ்சது எங்களுக்கு. வெளையாட்டா போச்சா உங்களுக்கு?"

"இல்ல."

"ஏன்னு கேக்கலாமா?" என்றார் டீச்சர்.

"வேணாம் டீச்சர்."

நர்ஸ் அக்கா அவர் உள்ளங்கையைப் பார்த்தாள். பையைத் திறந்து பஞ்சை எடுத்தாள். "கையைக் காட்டுங்க" என்றாள். அவர் காட்டவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆள்காட்டி குஞ்சு பொரித்தது. முள் திரும்ப வரவில்லை. கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் போனது. நான் எவ்வளவோ கூப்பிட்டும் அவர் வரவில்லை. "அந்தத் தையக்காரர் மூஞ்சியில முழிக்க முடியாதுப்பா. அதோட, இங்க திரும்ப முளைச்சா யாரு பாக்குறது?" என்றார். டீச்சர் அதையே வேலையாக்கிவிட்டார். ஞாயிறுதோறும் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போன் பண்ண வேண்டும்.

புது நிலத்தில் வட்டமாக உட்கார்ந்திருப்போம். எல்லோரும் தாங்கள் கேட்டதைச் சொல்லி முடித்ததும் போன் வரும். டீச்சர் ஸ்பீக்கரில் போடுவார்.

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

"ரொம்ப சந்தோஷம்ண்ணே."

எல்லோரும் கை தட்டுவார்கள். அவ்வளவுதான், வைத்துவிடுவார். அரை நிமிஷம் கூட ஆகாது. ஒன்பது வாரம் இப்படியே போனது.

பத்தாவது வாரம் அவர் குரல் கொஞ்சம் இழுத்தது.

"ஒண்ணு முளைச்சிருக்கு டீச்சர். வேர் கனமா இருக்கு. ஒரு ஆள் வேணும்."

"எத்தனை டன்னாம்?" என்றார் தையல்காரர். சிலர் சிரித்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இரண்டு மணி நேர ஓட்டம். போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். இருபது கற்கள் வட்டமாகக் கிடந்தன. அவர் தன் கல்லில் உட்கார்ந்திருந்தார். வண்டிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை. நான் பக்கத்தில் போனதும் எழுந்து, தெற்குச் சரிவுக்கு முன்னால் நடந்தார்.

காட்டினார். விரல் உயரம். இரண்டே இலை. எங்கிருந்தோ விதை விழுந்து நேற்றோ முந்தாநாளோ முளைத்திருக்க வேண்டும். இரண்டு விரலால் கிள்ளினால் வந்துவிடும். பக்கத்தில் கடப்பாரை கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் நிழலில் ஒரு பிளாஸ்கும், கழுவிக் கவிழ்த்த இரண்டு டம்ளரும்.

நான் அதைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எடையை மாற்றிப் போட்டு நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கனம்தாண்ணே," என்றேன். சட்டையைக் கழற்றி வேலிக்கல்லில் போட்டேன். "மொதல்ல டீயை ஊத்துங்க. இது ஒரு ஆளால ஆவுற வேலை இல்ல."