கரண்டு போனால் ரோடு வரும்

என் மாமியார் கார் ஓட்டுவார் என்பது கல்யாணமாகிப் பதினைந்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. விழிதியூர் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மாமனார் வயலுக்குப் போய்வந்த அலுப்பில் கூடத்தில் படுத்திருந்தார். கணவர் அலுவலகத்தில். உள்ளறையிலிருந்து ஒரு வண்டி உறுமுகிற சத்தம் வந்தது. பிறகு டயர் தேய்கிற சத்தம், எதன்மீதோ மோதுகிற சத்தம், கடைசியாக "சீ, சனியனே" என்று அத்தையின் குரல்.

எட்டிப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டர் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு மஞ்சள் கார் பாலத்துச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது.

"வா, உட்காரு," என்றார் திரும்பாமலே. "இந்த நீலவண்டிக்காரன் இருக்கானே, அவன் எப்பவும் பாலத்துக்கிட்டதான் வந்து இடிப்பான்."

என் கணவர் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. அவர் வேலை தேடி வெளியூர் போனதும் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். ஒருநாள் தூசி தட்டப் போன அத்தை, சும்மா போட்டுப் பார்த்து, திரையில் கார் படம் இருந்த இடத்தைத் தட்டியிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் பந்தயம்தான். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். கேமில் இருந்த சாலைகளின் ஆங்கிலப் பெயர்களையெல்லாம் தள்ளிவிட்டு பனி ரோடு, கடலோர ரோடு, திராட்சைத் தோட்டத்து ரோடு என்று தானே பெயர் வைத்திருந்தார். எந்த வளைவுக்கு எத்தனை எண்ணி பிரேக் பிடிக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

"வெளியில சொல்லிடாத," என்று மட்டும் கேட்டுக்கொண்டார். "ஊருல சிரிப்பாங்க."

நான் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், ஃபிளெக்ஸ் போர்டு வடிவமைக்கிறவள். காரைக்காலில் ஒரு அச்சகத்துக்காக வீட்டிலிருந்தே வேலை. அதற்காக நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வைத்திருந்தேன். குடும்பத்தில் யாருடைய போன் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எனக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. டவுனில் ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்து, "இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வர்றதில்லைங்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தை, "போவுது விடு," என்றார். ஆனால் அதற்கப்புறம் மதியத்தில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அடுக்கி வைத்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி அடுக்கினார். மாமா குறட்டை விட்டால் சண்டை பிடித்தார். நான்காம் நாள் மாமாவே என்னிடம் வந்து, "அந்த வண்டியை உன் பெட்டியில ஏத்த முடியுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கணவர் தன் போனில் ஒரு புது ரேஸ் கேமை இறக்கிக் கொடுத்தார். அத்தை இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதுல வண்டி தானா போவுது, தம்பி. எனக்கு என்ன வேலை?"

அந்த கேமின் பழைய சிடி, அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடைத்தது. என் லேப்டாப்பில் சிடி போட இடமில்லை. அச்சகத்திலிருந்து வெளியே சொருகுகிற டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். கேம் ஏறியது. திறந்தால் திரை கறுத்து, ஒரு நொடி யோசித்து, பேசாமல் பழையபடி டெஸ்க்டாப்புக்கே வந்துவிட்டது.

இது எதிர்பார்த்ததுதான். பழைய விண்டோஸ்போல நடந்துகொள்ளச் சொல்லும் ஒரு வசதி உண்டு. அதைப் போட்டேன். கேம் திறந்தது. வானம் ரோஸ் நிறத்தில் இருந்தது. மஞ்சள் கார் பாசி பிடித்த மாதிரிப் பச்சை.

"பெயின்ட் மாத்திட்டியா?" என்றார் அத்தை.

நிறங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் கட்டத்தில் ஒரு டிக் அடித்ததும் வானம் நீலமாயிற்று, கார் மஞ்சளாயிற்று. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். அத்தை தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, கடலோர ரோட்டைத் தேர்ந்தெடுத்து, என்டர் தட்டினார்.

ரோடு இல்லை.

மற்றதெல்லாம் இருந்தது. இருபக்கமும் மரங்கள், ஓரத்தில் நின்று கொடி ஆட்டும் ஜனங்கள், தூரத்தில் கடல், வேலிக் கம்பிகள். நடுவில் மட்டும் கன்னங்கரேலென்று ஒன்றுமில்லாத பள்ளம். அதன்மேல் ஆறு கார்கள் அந்தரத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தன.

அடுத்த ஒரு வாரம் எனக்கு அந்த ரோட்டைத் தேடுவதிலேயே போயிற்று. நிழலை அணைத்தேன், பனிமூட்டத்தை அணைத்தேன், திரையின் அளவைச் சின்னதாக்கினேன். இணையத்தில் என்னைப்போலவே ரோட்டைத் தொலைத்த ஆட்கள் எங்கெங்கோ இருந்தார்கள். ஒருவர் சொன்னபடி ஒரு சின்ன ஃபைலை கேமின் ஃபோல்டரில் போட்டேன். ரோடு வராததோடு மரங்களும் போய்விட்டன. அதைத் தூக்கி எறிந்தேன்.

"டிரைவர் பழசா இருக்குங்க அத்தை," என்றேன் ஒருநாள். "அதை மாத்திப் பார்க்கணும்."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பழசுதான். மாத்திட்டா யாரு ஓட்டுறது?"

கிராபிக்ஸ் கார்டை இயக்குகிற மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயர் என்று விளக்குவதற்குள் கூடத்தில் மாமா சிரித்து, சிரிப்பு இருமலாகிவிட்டது. புது டிரைவரைப் போட்டும் ரோடு வரவில்லை. அதை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டேன். அதற்கும் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நாலு பத்திரிகை வேலை பாக்கி நிற்க, ஒரு பழைய விளையாட்டு என்னை முட்டாளாக்கிக்கொண்டிருந்தது. "விட்டுடலாங்க அத்தை," என்றேன். என் குரலில் எரிச்சல் இருந்திருக்க வேண்டும்.

"தள்ளு," என்றார். "ரோடு இல்லாட்டி என்ன? எனக்குத்தான் தெரியுமே."

அந்தக் கறுப்புப் பள்ளத்தின்மேல் வண்டியை எடுத்தார். கண் வேலிக் கம்பியையும் மரங்களையும் பார்த்தது. உதடு மெல்ல எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, பிரேக், இடது. வேலி தீர்ந்து வெறும் கறுப்பு மட்டும் இருந்த இடத்தில்கூடக் கை தயங்கவில்லை. பாலத்தருகே நீலவண்டி வந்து இடித்தது. அத்தை பதிலுக்கு ஓர் இடி கொடுத்தார். மூன்றாவதாக வந்து முடித்தார். என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. பத்திரிகை வேலை இருந்துவிட்டுப் போகட்டும், இவருக்கு ரோட்டைக் கொடுத்தே தீருவது என்று தோன்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அச்சடித்த மாதிரிகளைச் சரிபார்க்க நான் காரைக்காலுக்குப் போக வேண்டியிருந்தது. பராமரிப்பு வேலை என்று அன்று பகல் முழுக்க எங்கள் பக்கம் மின்தடை. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும்போதே அத்தை வாசலுக்கு வந்துவிட்டார்.

"ரோடு வந்துடுச்சு."

"எப்படிங்க? யாரு சரி பண்ணினா?"

"யாரும் பண்ணலை. தானா வந்துச்சு. ரெண்டாவதா வந்தேன்."

ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். மின்சாரம் அப்போது வந்திருந்தது. கடலோர ரோட்டில் பழைய கறுப்புப் பள்ளம்தான். வெறும் பள்ளத்தில் ஓட்டி ஓட்டி அவர் மனசிலேயே ரோடு போட்டுக்கொண்டாரோ என்று நினைத்தேன். அதை அவர் என் முகத்தில் படித்துவிட்டார். ராத்திரி என் தட்டில் விழுந்த தோசை மெத்தென்று இருந்தது.

மறுநாள் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, "இங்க வா," என்று குரல் வந்தது. லேப்டாப் முன்னால் அத்தை இருந்தார். பக்கத்தில் சாட்சிக்கு மாமாவும்.

"நேத்து இருந்த பெட்டிதான் இது. நேத்து இருந்த கேம்தான். நேத்து நான் தொட்ட பட்டனைத்தான் இன்னிக்கும் தொட்டேன். நேத்து வந்த ரோடு இன்னிக்கு வரலைன்னா, வேற என்ன மாறிச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சுவரில் சார்ஜர் சுவிட்சை அணைத்தார். கேமை மூடி மறுபடி திறந்தார். கடலோர ரோடு, நடுவில் வெள்ளைக் கோடுகூட அழியாமல், வளைந்து வளைந்து கிடந்தது.

கேமை மூடி, சுவிட்சைப் போட்டு, திறந்தார். பள்ளம். மறுபடி அணைத்துத் திறந்தார். ரோடு.

"கரண்டு போனா ரோடு வருது," என்றார்.

"நம்ம ஊருல கரண்டு போனா எல்லாம் போவும். இவளுக்கு மட்டும் வருது," என்றார் மாமா.

எனக்கு அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. என் லேப்டாப்பில் கிராபிக்ஸ் வேலைக்கு சிப் என்கிற சில்லு இரண்டு உண்டு. சார்ஜரில் இருக்கும்போது கேம் திறந்தால் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓடும்போது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கூடவே இருக்கும் சின்ன சில்லிடம் விட்டுவிடும். பெரியதற்கு இந்தப் பழைய கேமின் ரோட்டை வரையத் தெரியவில்லை, சின்னதற்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒருநாளும் சார்ஜரைக் கழற்றியதில்லை என்பதால் ஒருவாரமும் பெரியதோடு மட்டுமே மல்லாடியிருக்கிறேன். நல்ல கார்டு என்று அதன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

செட்டிங்ஸில் போய், இந்த கேமுக்கு மட்டும் எப்போதும் சின்ன சில்லையே பயன்படுத்து என்று மாற்றி வைத்தேன். ஒரு நிமிஷ வேலை. சார்ஜரைச் சொருகித் திறந்தேன். ரோடு இருந்தது.

"மன்னிச்சுக்குங்க அத்தை. நேத்து நான் நம்பலை."

"தெரியும்," என்றார். "தோசை ஏன் முறுகலா வரலைன்னு நெனச்ச?" பிறகு சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

அவருடைய ரகசியம் வெளியில் போனது அந்தச் சனிக்கிழமை. கருக்களாச்சேரியிலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அக்கா வழக்கமாகக் காலையிலேயே வந்துவிடுவார். அன்று படகு கரை சேரத் தாமதமாகி மதியம் வந்தார். வாசலில் குரல் கொடுத்தும் யாரும் போகவில்லை. அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்கவில்லை, அத்தை கேட்கிற நிலையில் இல்லை. உள்ளே வண்டிகள் மோதுகிற சத்தம் கேட்டு, பதறிப்போய் அந்த அக்கா அறைவாசலுக்கே வந்துவிட்டார்.

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் பந்தயத்தின் கடைசிச் சுற்று, விடவும் மனசில்லை.

மீன்கார அக்கா திரையைக் கூர்ந்து பார்த்தார். "நீங்களா ஓட்டுறீங்க?"

"ம்."

"வளைவுல ஆரன் அடிக்க மாட்டீங்களா?"

"இதுல ஆரன் கெடையாது."

"ஆரன் இல்லாம எப்படிக்கா? எதிர்ல லாரி வந்தா?" தினமும் நெடுஞ்சாலையில் மீன் கூடையோடு போகிறவருக்கு அது நியாயமான கவலை. இரண்டடி முன்னால் வந்தார். "இடது பக்கம் எடம் இருக்குக்கா, நுழைங்க. பயப்படாதீங்க, அவன் ஒதுங்குவான்."

அத்தை நுழைந்தார். நீலவண்டி ஒதுங்கியது. இருவரும் ஒரே குரலில், "அப்படித்தான்," என்றார்கள்.

முதலிடம். மீன்கார அக்கா நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை ஓட்டுங்க, நான் பார்த்துட்டுப் போறேன்," என்றார். நான் கூடையிலிருந்து மத்தி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அன்று மீன் ஆய்ந்தது நான்தான்.