வாசலில் நின்ற லாலான்

பூமியில் லாலான் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிய முதல் ஆள் என் மகளாகத்தான் இருக்க வேண்டும். கிளேபாங் சாலையோரத்தில் ஒரு கொத்தைப் பிடுங்கி வந்து, காஜா பேராங்கில் எங்கள் வாசற்படி ஓரம் நட்டாள். ஒன்பது வயது. வெள்ளைப் பூ விரிந்ததும் பிப்பிட் குருவிகள் வந்தன. பூவின் பஞ்சைக் கொத்திக்கொண்டு போய்ச் செம்பருத்தி வேலியில் கூடு கட்டின. அவளுக்குத் தரையில் கால் படவில்லை.

நான் பதினைந்து வருஷம் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவன். லாலானை ஒழிப்பதுதான் அங்கே எங்கள் மதம். மரத்தடியில் ஓர் இலை நின்றாலும் துரைக்குச் சோறு இறங்காது. துரைக்கு இறங்காவிட்டால் எனக்கும் இறங்காது. அப்படியொரு விசுவாசம்.

சுதந்திரம் வரப்போகிற மாதம். நாடு என்றால் சுத்தமான வாசல் என்று நினைத்துத் தெருவே சுண்ணாம்பு அடித்து, புல்லை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. நானும் காகிதக் கொடி கட்டினேன். எதிர்வீட்டு வாத்தியார் நின்று பார்த்தார்.

"என்ன கிராணியாரே, நீங்க தோட்டத்த விட்டாலும் லாலான் உங்கள விடலயா? கொடிய அதுலயே கட்டிருங்க!"

சிரித்து மழுப்பினேன். படித்தவனுக்குப் புத்தி கெட அவ்வளவு போதும். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த லாலான் விஷம் ஒரு தகரத்தில் மிச்சம் இருந்தது. அன்று சாயங்காலமே கரைத்துத் தெளித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் மகள் அதன் பக்கத்தில் குந்தி, விரியாத பூந்தண்டு ஒன்றை மென்றுகொண்டிருந்தாள். அது இனிக்கும். எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் நானும் மென்றவன்தான். எங்கள் தோட்டத்தில் விஷம் தெளித்த இடத்தில் கங்காணி குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டி வைப்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்று நான் இளக்காரமாகப் பார்த்த மனிதர். என் வாசலில் கொடி பறந்தது, துணி இல்லை.

வாயில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்து, மூன்று சக்கரப் பெச்சா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வேலியைப் பார்த்தாள். குருவிகள் இல்லை.

"குருவிங்களுக்கும் வாயில விரல் விட்டீங்களாப்பா?"

குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன், எல்லாம் முடிந்த பிறகு. லாலான் வேரிலிருந்து மறுபடி தளிர்த்தது. பிப்பிட்டும் திரும்பி வந்தது. மகள் மட்டும் நான் கொடுக்கும் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள்.