சேர்ந்தாளா என்று என் மகள் கேட்டாள்

எனக்கு வயது எண்பத்திரண்டு. என் வயிற்றில் பிறந்தவர்கள் மூவர், மைத்துனர் விட்டுப்போன இருவர், ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதில் கடைசி இந்த மகள். அவளுக்கு நினைவஞ்சலி நான் எழுதும்படி ஆயிற்று. எனக்குக் கையெழுத்துப் போடத்தான் வரும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

மகள் பிறந்தது வங்காளத்தில், லேக் மார்க்கெட் வீட்டில். பி.ஏ. படிக்கும்போதே அவள் அப்பா போய்விட்டார். டியூஷன் எடுத்துப் படிப்பை முடித்து பாங்க் வேலைக்குப் போனாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். நானும் ஒரு வயதுக்கு மேல் கேட்பதை விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடம் நிறையப் பெண்கள். வீட்டு வேலை செய்பவர்களின் பிள்ளைகள். அவர்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவர் கிடையாது. பாடம் ஒரு பக்கம் இருக்க, ஆபீஸ் ஜன்னலில் பயப்படாமல் பேசவும் மகள் பழக்கினாள். அதற்கு என்னை மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்துக் குமாஸ்தா ஆக்கிவிடுவாள். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஃபாரம் சரியில்லை, நாளைக்கு வா" என்று வங்காள மொழியில் விரட்டுவேன்.

"எது சரியில்லைன்னு சொல்லுங்கோ மாஷிமா, இங்கேயே திருத்திடறேன்" என்பாள் ஜுமா. மாடி வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளின் மகள்.

"எனக்கே தெரியாதுடி, போ."

"அம்மா, நிஜக் குமாஸ்தாவும் இப்படித்தான்" என்று என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன வருஷம் மகள் படுத்த படுக்கையானாள். ஜுமாவுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. சேர வேண்டிய கடைசி நாள் காலையில் வாசலில் வந்து நின்றாள். காகிதங்களைத் தீதி ஒருதரம் பார்த்தால் தேவலை என்றாள்; என் மகளை அக்கா முறையில் அப்படித்தான் கூப்பிடுவாள். மகள் அப்போதுதான் வலி அடங்கிக் கண் அயர்ந்திருந்தாள்.

"இனிமே இந்தப் பக்கம் வராதே. அவளை நிம்மதியா விடு" என்றேன். நிஜமாகவே விரட்டினேன். அவள் படியிறங்கினாள்.

சாயங்காலம் மகள் கேட்டாள்: "ஜுமா வந்தாளாம்மா?"

"வரலை."

"அப்போ சேரலையா?"

போர்வையை இழுத்துவிட்டேன். மறுநாளும் கேட்டாள். "அவ அப்பா கல்யாணம் பேசி முடிச்சிருப்பார். நான் நேர்ல போயிருக்கணும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் என் மகள் போய்விட்டாள்.

பதின்மூன்றாம் நாள் ஜுமா வந்தாள். அன்றைக்கே தனியாகப் போய்க் காலேஜில் சேர்ந்திருக்கிறாள். காலேஜ் அட்டையை மகள் படத்துக்கு முன்னால் வைத்து அழுதாள். என் மகள் அதை அறியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

சலிக்காமல் பார்த்துக்கொண்ட மருமகளுக்கும், தோள் கொடுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், பாங்க் சிநேகிதிகளுக்கும் என் நமஸ்காரம். ஜுமா, உனக்கும். உனக்குத் தமிழ் படிக்க வராது; யாராவது எடுத்துச் சொல்லட்டும், அன்று நான் செய்தது தப்பு.

ஏண்டி கண்ணு, பேனாவை நிறுத்திட்டே? எழுதும்மா. எழுதிட்டியா? எங்கே, முதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. 'வரலை'ன்னு நான் சொன்னதை விட்டுடாமப் படி.