டேஞ்சர் பெயிண்ட்டில் பொன்னுச்சாமி

கார்மேகத்தைப் பற்றி எங்கள் குவார்ட்டர்ஸில் யாரும் பேசுவதில்லை. பேச நேர்ந்தால் "அந்தக் கிறுக்குப் பெயிண்டர்" என்கிறார்கள். அவர் கிறுக்கர் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நளினி. 1976-ல் திருச்சியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வளைகுடாவில் இருக்கும் ராஸ் அல் கைமாவுக்கு வந்தேன். அப்பா சேதுராமன் இங்கே ஒரு கல்குவாரிக் கம்பெனியில் பர்சனல் ஆபீசர். தொழிலாளிகளின் பாஸ்போர்ட்டுகள் அவர் அறையில் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருக்கும். யாருக்கு லீவு, யாருக்கு இல்லை என்பதும் அந்த அறையில்தான் முடிவாகும்.

எங்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பெயிண்ட் அடிக்க வந்த இரண்டு நாட்களில் கார்மேகம் தன் கதையை எனக்குச் சொன்னார். சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே அவருக்குத் தொழில், செத்தவர்களின் படம் வரைவது. சாவு நடந்த வீட்டார் ஒரு சின்னப் போட்டோவைக் கொடுப்பார்கள். அதைப் பெரிதாக்கி, கன்னத்தில் ரோஸ் பூசி, தலைமுடியை வாரிவிட்டு, மாலை போட ஏற்றபடி சட்டம் போட்டுத் தரவேண்டும். கிணற்றில் விழுந்தவனுக்கும் அதே ரோஸ், காசநோயில் போனவளுக்கும் அதே ரோஸ். பன்னிரண்டு வருடம் இப்படிப் பொய் வரைந்தது போதும், இனி உயிரோடு இருப்பவர்களை மட்டும்தான் வரைவேன் என்று விமானம் ஏறினாராம்.

குவாரியில் லாரிக்கு நம்பர் எழுதுவதும் அபாயப் பலகை எழுதுவதும் அவர் வேலை. டின்னில் மிஞ்சிய சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை. இவை தவிர வேறு நிறம் கிடையாது. காலி சிமெண்ட் மூட்டையின் உள்தாளைப் பிரித்து, தட்டி, அதன்மேல் தொழிலாளர் கேம்ப் ஆட்களை வரைந்தார். சுருளைப் பிரித்து எனக்குக் காட்டியபோது முதலில் பயந்துவிட்டேன். ஒரு டிரைவரின் நெற்றி முழுக்கச் சிவப்பு. ஒரு சமையல்காரருக்கு வாய் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரே இழுப்பு. தோலின் நிறம் எங்குமே இல்லை. ஆனால் எல்லோரையும் எனக்கு அடையாளம் தெரிந்தது. கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் தினமும் பார்க்கிற முகங்கள்தான். நான்தான் அதுவரை சரியாகப் பார்த்திருக்கவில்லை.

கேம்ப்பில் கேலி செய்வார்களாம். "அண்ணே, என் மூஞ்சியில டேஞ்சர் போர்டு எழுதிட்டீகளே" என்று ஒருவன் சொன்னதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

பொன்னுச்சாமி கேலி செய்யவில்லை. அவரும் முதுகுளத்தூர்ப் பக்கம்தான்; பாறையில் துளை போடுகிறவர். மூன்று வருடம் கல்தூசியைச் சுவாசித்து, பத்தடி நடந்தால் நின்று இருமுவார். மூன்று முறை லீவு கேட்டார். மூன்று முறையும் கம்பெனி டாக்டர் 'வேலைக்குத் தகுதி' என்று எழுத, அப்பா கையெழுத்துப் போட்டார். ஊருக்குப் போய் மனைவி பஞ்சவர்ணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு எண்ணமே இல்லை.

இங்கே வருகிற எல்லோரும் பஜார் ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். ஸ்டுடியோவில் இருப்பது ஒரே கோட்டு. ஒல்லியானவனுக்கு முதுகுப்பக்கம் கிளிப் போட்டு இறுக்குவார்கள். கையில் ஸ்டுடியோ வாட்ச், மடியில் ஸ்டுடியோ ரேடியோ. பஞ்சவர்ணத்திடமும் அப்படி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, நீங்கள் சௌக்கியமாகத்தானே இருக்கிறீர்கள், ஏன் வரவில்லை என்று அவள் கோபமாக எழுதியிருந்தாள். அதனால்தான் பொன்னுச்சாமி கார்மேகத்தின் முன் உட்கார்ந்தார். உள்ளபடியே வரையுங்கள், பார்த்தால் புரிந்துகொள்வாள் என்றாராம்.

கார்மேகம் உள்ளபடியே வரைந்தார். பச்சை முகம், கறுப்புக் குழிகளாகக் கண், மஞ்சளில் கழுத்து எலும்பு. லீவில் போன ஒருவர் கடிதம் எதுவுமில்லாமல் சுருளை மட்டும் கொண்டுபோய்ப் பஞ்சவர்ணத்தின் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

அந்த ஊரில் கையால் வரைந்த படம் வீட்டுக்கு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பன்னிரண்டு வருடம் அதே படங்களை வரைந்த கார்மேகத்துக்கு அது நினைவுக்கு வரவில்லை. பஞ்சவர்ணம் படத்தைச் சுவரில் மாட்டி மாலை போட்டாள், தாலியைக் கழற்றிவிட்டாள். அண்ணன் தந்தி அடித்தார்: உடலை அனுப்பவும். கம்பெனிக்கு ஒன்று, தூதரகத்துக்கு ஒன்று.

தந்தி வந்த நாளில் அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ஆபீஸுக்குப் பின்னால் ஒரு தார் டிரம்மில் எதுவோ எரிந்துகொண்டிருந்தது. கிட்டே போனேன். சிமெண்ட் தாள். சிவப்பு நெற்றி சுருண்டு கருகுவதைப் பார்த்தேன். நாற்பத்தொரு முகங்கள். உயிரோடு இருக்கிற ஆட்கள் வரிசையில் நின்று தங்கள் முகம் எரிவதைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் "கலாஸ், யல்லா, யல்லா" என்று, முடிந்தது கிளம்புங்கள் என்று, அரபியில் அவர்களை விரட்டினார்.

உள்ளே அப்பா கத்திக்கொண்டிருந்தார். தூதரகம் ஆளை நேரில் காட்டச் சொல்கிறது, கம்பெனி மானம் போயிற்று, ஒரு மனுஷனைச் செத்தவனாக வரைந்து ஊரைக் கலக்க உனக்கு என்ன தைரியம் என்று.

"நான் அவன் மூஞ்சியத்தான் சார் வரைஞ்சேன்" என்றார் கார்மேகம். குரல் உயரவில்லை. "செத்த களையை நீங்கதான் அதுல பூசுனீக."

அப்பா வாசல் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்து, "நளினி, கேரியரை வெச்சிட்டு வீட்டுக்குப் போ" என்றார்.

மறுநாளே விசாவைக் கேன்சல் செய்து கார்மேகத்தை விமானம் ஏற்றிவிட்டார்கள். ஆனால் பொன்னுச்சாமியைத் தூதரகத்து ஆட்களுக்குக் காட்டித்தான் ஆகவேண்டியிருந்தது. காட்டினார்கள். இருமாமல் அவரால் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் பாதி கல். மூன்று வருடம் அலமாரியில் கிடந்த பாஸ்போர்ட் ஐந்தே நாளில் வெளியே வந்தது. முடியாது முடியாது என்றார்களே, எப்படி முடிந்தது? அப்பாவிடம் கேட்டேன். சாப்பிடும்போது ஆபீஸ் விஷயம் பேசாதே என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பஞ்சவர்ணத்தின் கடிதம் ஆபீஸுக்கு வந்தது, கார்மேகத்தின் பெயருக்கு. ஆள் இல்லையென்று அப்பா அதைக் குப்பைக்கூடையில் போட்டார். நான் எடுத்துவந்தேன்.

"வந்து சேந்துட்டாக. உக்காந்தமேனிக்குத்தான் தூங்குறாக. டாக்டர் நாள் குறிச்சுட்டார். நீங்க வரைஞ்ச படத்தை ஊர்ல கழட்டச் சொல்றாக. நான் கழட்டல. மாலையை மட்டும் எடுத்துட்டேன். அந்தக் கோட்டுப் போட்டோவை அடுப்புல போட்டுட்டேன், அண்ணே."

இந்தக் கடிதத்தை அனுப்ப என்னிடம் கார்மேகத்தின் விலாசம் இல்லை. அந்த இரும்பு அலமாரியில் அவருடைய ஃபைலில் இருக்கும். அலமாரியின் சாவி அப்பாவிடம் இருக்கிறது. தினமும் கேட்கிறேன்.